நிலக்கரி வயல்களில் 1987 வரை ஓடிய நீராவி எஞ்சின்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு ரயில்வே 1973 இலேயே நீராவி எஞ்சின்களை ஓட்டுவதை நிறுத்திவிட்டபோது, அதே மாநிலத்தின் நிலக்கரிப் பாதைகளில் மட்டும் அவை 1987 வரை எப்படி ஓடின, அவற்றை இன்று எங்கே பார்க்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சுரங்க வாயிலில் கரி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது, அதனால் கரி எஞ்சினே மலிவு என்பதுதான் இதற்குப் பலரும் சொல்லும் விடை. அது பாதி உண்மை. மீதிப் பாதியை எஞ்சினில் தேடினால் கிடைக்காது. எஞ்சினுக்குப் பின்னால் கோக்கப்பட்டிருந்த மரப்பெட்டி வேகன்களிலும், அவை ஏறி இறங்கிய பாதையிலும், அந்தப் பாதை யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதிலும்தான் தேட வேண்டும். அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போய் விளக்க வேண்டியிருக்கிறது.

சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் ஹண்டர் ஆறு கடலில் கலக்கிறது. தப்பியோடிய கைதிகளைத் தேடி 1797 இல் அங்கு வந்த ஜான் ஷார்ட்லண்ட் என்ற கடற்படை அதிகாரி, ஆற்றின் முகத்துவாரத்தில் கரிப்படுகைகள் வெளியே தெரிவதைக் கண்டார். இரண்டே ஆண்டுகளில், 1799 இல், அங்கிருந்து ஒரு கப்பல் கரி வங்காளத்துக்கு அனுப்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் முதல் வணிக ஏற்றுமதி என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். முகத்துவாரத்தில் எழுந்த ஊருக்கு இங்கிலாந்தின் கரி நகரான நியூகாசிலின் பெயரையே வைத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அங்கே கரி வெட்டியவர்கள் தண்டனைக் கைதிகள். பிறகு சுரங்க உரிமை ஆஸ்திரேலிய வேளாண் கம்பெனி என்ற நிறுவனத்திடம் போனது. அந்தக் கம்பெனி 1831 டிசம்பரில், குன்றின் மேலிருந்த சுரங்கத்திலிருந்து கப்பல் துறைக்கு வார்ப்பிரும்புத் தண்டவாளம் போட்டுக் கரி இறக்கத் தொடங்கியது. எஞ்சின் கிடையாது. கீழே இறங்கும் நிறைவண்டியின் எடையே வெற்றுவண்டியை மேலே இழுத்தது. ஆஸ்திரேலியாவின் முதல் ரயில் பாதை அதுதான். அந்த நாட்டில் பயணிகளை ஏற்றிய நீராவி ரயில் ஓட அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ரயில் அங்கே ஆளை ஏற்றுவதற்காகப் பிறக்கவில்லை, கரியை இறக்குவதற்காகப் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை எளிதில் புரியும்.

கடற்கரையோரப் படுகைகளைவிடப் பெரிய செல்வம் உள்நாட்டில் இருந்தது. 1886 இல் எட்ஜ்வொர்த் டேவிட் என்ற அரசு நிலவியலாளர் மெய்ட்லண்ட் நகருக்குத் தெற்கே ஓர் ஓடைப்பகுதியில் கிரேட்டா படுகையின் விளிம்பைக் கண்டறிந்தார். தடிமனான படுகை, எரிவாயு மிகுந்த கரி. தெருவிளக்குக்கும் வீட்டு அடுப்புக்கும் கரியிலிருந்து வாயு காய்ச்சி எடுத்துக் குழாயில் அனுப்பிய காலம் அது. அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கரி அரிது. அடுத்த முப்பது ஆண்டுகளில், காடாகக் கிடந்த அந்த நிலத்தில் சுரங்கங்களும் ஊர்களும் வரிசையாக எழுந்தன. நீத், அபர்டேர், அபர்மெய்ன், ஹெபர்ன், பீலா மெய்ன், ஸ்டான்ஃபோர்ட் மெர்த்திர் என்ற அவற்றின் பெயர்களைப் படித்தாலே வேல்ஸிலிருந்தும் இங்கிலாந்தின் வடகிழக்கிலிருந்தும் கப்பலேறி வந்த சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தது தெரியும். இடையில் கர்ரி கர்ரி என்ற பெயர் மட்டும் மண்ணின் பழங்குடி மொழியிலிருந்து நின்றது.

இந்தச் சுரங்கங்களுக்குப் பாதை போட்டது அரசாங்கம் அல்ல. ஈஸ்ட் கிரேட்டா நிலக்கரிக் கம்பெனி 1890களில் மெய்ட்லண்ட் அருகே அரசின் வடக்கு ரயில் பாதையிலிருந்து ஒரு கிளைப் பாதையைத் தொடங்கி, புதிய சுரங்கம் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க அதை நீட்டிக்கொண்டே போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்தப் பாதை செஸ்நாக் ஊரை எட்டியது. 1918 இல் ஈஸ்ட் கிரேட்டா கம்பெனியும் ஹெபர்ன் கம்பெனியும் சேர்ந்து இந்தப் பாதைகளை நடத்துவதற்கென்றே சவுத் மெய்ட்லண்ட் ரயில்வேஸ் என்ற நிறுவனத்தை அமைத்தன. சுமார் 30 கிலோமீட்டர் நீளம்தான். ஆனால் அதில் ஒரு பகுதி இரட்டைப் பாதை, இரு புறமும் சுரங்கங்களுக்குப் பிரியும் கிளைகள், சிக்னல் அறைகள், பயணிகள் நிலையங்கள், சொந்தப் பணிமனை என்று ஒரு முழு ரயில்வேக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தன. கரி மட்டுமல்ல, சுரங்கத்துக்குப் போகும் ஆட்களும், பள்ளிப் பிள்ளைகளும், சந்தைக்குப் போகிறவர்களும் அதில்தான் போனார்கள். பயணிகள் வண்டி 1972 வரை ஓடியது.

இந்தப் பாதைக்காகவே வரவழைக்கப்பட்டவைதான் 10 வகுப்பு எஞ்சின்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த பேயர் பீகாக் நிறுவனம் 1911 முதல் 1925 வரையான காலத்தில் பதினான்கு எஞ்சின்களை ஒரே வடிவில் கட்டித்தந்தது. முதல் எஞ்சினின் எண் 10 என்பதால் வகுப்புக்கும் அதே பெயர். சக்கர அமைப்பு 2-8-2: முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், நடுவில் இழுவைக்கு எட்டுச் சக்கரங்கள், பின்னால் மறுபடி இரண்டு. தண்ணீரையும் கரியையும் தனி வண்டியில் இழுத்துப்போகாமல், கொதிகலனின் இரு பக்கத் தொட்டிகளிலும் டிரைவர் அறைக்குப் பின்னுள்ள பெட்டியிலுமாகத் தன் உடம்பிலேயே சுமக்கும் வகை இது. முன்பின் எந்தத் திசையிலும் ஒரே மாதிரி ஓடும் என்பதால், சுரங்கக் கிளைகளின் முடிவில் எஞ்சினைத் திருப்புவதற்குச் சுழல்மேடை வேண்டியதில்லை. அத்துடன், சுமக்கும் தண்ணீரின் எடையும் இழுவைச் சக்கரங்கள் மேலேயே அழுந்துவதால் மெதுவாகக் கனத்த பாரத்தை இழுக்கும்போது சக்கரம் எளிதில் வழுக்காது. தொட்டியில் அதிகத் தண்ணீர் கொள்ளாது என்ற குறை இந்த வகைக்கு உண்டு. நூறு கிலோமீட்டர் ஓட வேண்டிய பாதையில் அது பெரிய குறை. முப்பது கிலோமீட்டரில் அது குறையே அல்ல. ஒரு பாதைக்கும் ஓர் எஞ்சினுக்கும் இவ்வளவு கச்சிதமான பொருத்தம் அமைவது அபூர்வம் என்பது என் கருத்து. பதினான்கும் ஒரே வடிவம் என்பதால் ஒன்றின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குச் சேரும். ஒன்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த தொழிலாளிக்கு எல்லாமே தெரியும். அரை நூற்றாண்டுக்கு மேல் அவை உழைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி வேகன்களுக்கு வருகிறேன். ரயில் ஆர்வலர்கள்கூடப் பல நேரங்களில் கவனிக்காமல் கடந்துபோகும் பகுதி இது. கேள்விக்கான விடையின் பெரும்பகுதியும் இங்கேதான் இருக்கிறது. நியூகாசில் கரி வேகன் என்பது நான்கு சக்கரச் சட்டத்தின் மேல் வைத்த ஒரு மரப்பெட்டி. மேலே அகன்று கீழே குறுகிய அந்தப் பெட்டியின் அடியில் திறக்கும் கதவு இருக்கும். சுமார் பத்து டன் கரி கொள்ளும். பெட்டியின் பக்கத்தில் சுரங்கக் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும். பெட்டி சட்டத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்டதல்ல என்பதுதான் இதன் சிறப்பு. நியூகாசிலின் கேரிங்டனில் உள்ள கப்பல் துறைக்கு வேகன் வந்து சேர்ந்ததும், கிரேன் பெட்டியை மட்டும் சங்கிலியால் தூக்கி, கப்பலின் சரக்கறைக்கு மேலே கொண்டுபோய்ப் பிடிக்கும்; அடிக்கதவைத் திறந்தால் கரி கப்பலுக்குள் கொட்டும்; வெற்றுப்பெட்டி திரும்பவும் சட்டத்தின் மேல் வந்து அமரும். அந்தக் கிரேன்களுக்குத் தண்ணீர் அழுத்தத்தால் விசை கொடுத்த ஹைட்ராலிக் இயந்திரக் கூடம் 1870களில் கட்டப்பட்டது. அந்தச் செங்கல் கட்டடம் இன்றும் கேரிங்டனில் நிற்கிறது. இப்படி நிரப்பப்பட்ட சிறு கப்பல்கள் சிட்னிக்கு அறுபது கடல் மைல் போய்வந்ததால் அவற்றுக்கு 'அறுபது மைல் கப்பல்கள்' என்றே பெயர் நிலைத்தது.

இந்த வேகன்களில் காற்று பிரேக் கிடையாது. மற்ற ரயில்களில் எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு காற்றுக்குழாய் ஓடும். டிரைவர் கைப்பிடியைத் திருப்பினால் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாகப் பிரேக் விழும். இங்கே ஒவ்வொரு வேகனின் பக்கத்திலும் ஒரு கைலெவர் மட்டுமே. இறக்கத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஓர் ஆள் வேகன் வேகனாக நடந்து லெவரை அழுத்தி முள் செருக வேண்டும். இறக்கம் முடிந்ததும் மறுபடி நிறுத்தி ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வண்டியை அடக்குவது எஞ்சினின் சொந்தப் பிரேக்கும் கடைசியில் கார்டு பெட்டியின் கைப்பிரேக்கும்தான். பல நூறு டன் கரி பின்னாலிருந்து தள்ளும்போது எங்கே நீராவியைக் குறைப்பது, எந்த வளைவில் பிரேக்கைத் தொடுவது, கொக்கிகள் தளர்ந்து இறுகும்போது அறுந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் டிரைவரின் கைக்கும் காதுக்கும் படிந்திருந்த அறிவு. பாதையில் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் அறிந்தவர் தவிர வேறு யாரும் அந்த வண்டியை ஓட்டியிருக்க முடியாது.

டீசல் எஞ்சின் ஏன் தாமதமாக வந்தது என்பது இப்போது விளங்கும். எஞ்சினை மட்டும் மாற்றிப் பெரிய பயன் கிடைக்காது. டீசலின் வேகமும் இழுவையும் முழுதாகப் பயன்பட வேண்டுமானால் காற்று பிரேக் உள்ள பெரிய இரும்பு வேகன்கள் வேண்டும். அந்த வேகன்களுக்குக் கரி நிரப்பச் சுரங்க வாயிலின் சல்லடைக் கூடங்களை மாற்றிக் கட்ட வேண்டும். துறைமுகத்தில் கிரேனுக்குப் பதில் கரியைக் கொட்டிக் கன்வேயரில் ஏற்றும் அமைப்பு வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணியை மாற்ற எல்லாக் கண்ணிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. வேகன்கள் ஒரு முதலாளியின் சொத்தாக இருக்கவில்லை, பல சுரங்கக் கம்பெனிகளிடம் சிதறிக் கிடந்தன. இதற்கிடையில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரேட்டா கரியின் சந்தையே சுருங்கத் தொடங்கியிருந்தது. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின. பிற இடங்களின் ரயில்வேக்கள் டீசலுக்கு மாறின. நகரங்களில் கரி வாயுவின் இடத்தை வேறு எரிபொருள்கள் எடுத்துக்கொண்டன. 1950களிலும் 60களிலும் செஸ்நாக் வட்டாரத்தில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மூடப்போகும் சுரங்கத்துக்குப் புது வேகன் யார் வாங்குவார்? எஞ்சின்களுக்குக் கடன் இல்லை, பணிமனையில் ஆட்கள் இருந்தார்கள், கரி வாயிலிலேயே கிடந்தது. இருப்பதை ஓட்டுவதுதான் கணக்குக்கு ஒத்துவந்தது.

இதே வட்டாரத்தில் இரண்டாவது தனியார் பாதை ஒன்றும் இருந்தது. ஜேம்ஸ், அலெக்ஸாண்டர் என்ற பிரவுன் சகோதரர்கள் 1859 இல் நியூகாசிலுக்கு அருகே மின்மி சுரங்கத்தையும், அங்கிருந்து ஆற்றங்கரையிலுள்ள ஹெக்ஸம் வரையான பாதையையும் வாங்கினார்கள். ஜேம்ஸின் மகன் ஜான் பிரவுன் அந்தக் கம்பெனியை ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய கரி நிறுவனங்களில் ஒன்றாக வளர்த்தார். உள்நாட்டில் பீலா மெய்ன், ரிச்மண்ட் மெய்ன் என்ற இரண்டு சுரங்கங்களைத் தோண்டிய அவர், கரியை அரசுப் பாதையில் கட்டணம் கொடுத்து அனுப்ப விரும்பாமல், மின்மியிலிருந்து மலைத்தொடரைக் குடைந்து, மூன்று சுரங்கப்பாதைகள் வழியே தன் சொந்தப் பாதையை நீட்டினார். அதுதான் ரிச்மண்ட் வேல் ரயில்வே. கரி வெட்டும் இடம் முதல் ஆற்றங்கரைத் துறை வரை வழி முழுவதும் ஒரே முதலாளியின் தண்டவாளம். ரிச்மண்ட் மெய்ன் தன் உச்சக் காலத்தில் நாட்டின் மிகப் பெரிய சுரங்கங்களில் ஒன்று. அதற்கென்று தனி மின்நிலையமே கட்டப்பட்டது. அதே ஜான் பிரவுனுக்குப் பந்தயக் குதிரைகளிலும் பெரும் ஈடுபாடு. அவருடைய பிரின்ஸ் ஃபுட் என்ற குதிரை 1909 இல் மெல்போர்ன் கோப்பையை வென்றது.

எஞ்சின் வாங்குவதில் ஜான் பிரவுன் புதியதையும் தேடினார், பழையதையும் விடவில்லை. லீட்ஸின் கிட்சன் நிறுவனத்திடம் புதிதாக வாங்கியவற்றில் சிலவற்றுக்குச் சுரங்கங்களின் பெயர்களையே சூட்டினார். அதோடு இங்கிலாந்தில் வேலை முடிந்து நின்ற எஞ்சின்களையும் தேடிப்பிடித்து வாங்கினார். நியூ சவுத் வேல்ஸின் தண்டவாள அகலம் இங்கிலாந்தின் அதே 1435 மில்லிமீட்டர் என்பதால், அங்கே கழற்றிக் கப்பலில் ஏற்றியதை இங்கே கோத்துத் தண்டவாளத்தில் வைத்துவிட முடிந்தது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் பாதை 1600 மில்லிமீட்டர் அகலம், குவீன்ஸ்லாந்தில் 1067. அங்கே இருந்திருந்தால் இந்த வழி அவருக்கு அடைபட்டிருக்கும்.

லிவர்பூலில் மெர்சி ஆற்றுக்கு அடியில் ஓடிய ரயில் பாதை அவற்றில் ஒரு தொகுதியைக் கொடுத்தது. 1880களில் அந்தப் பாதைக்காகப் பேயர் பீகாக் கட்டிய கனத்த எஞ்சின்கள், ஆற்றடிச் சுரங்கப்பாதையின் செங்குத்தான ஏற்றத்தில் பயணிகள் வண்டிகளை இழுத்தன. நீராவியும் புகையும் அடைந்து மூச்சுத் திணறிய அந்தப் பாதை 1903 இல் மின்சாரத்துக்கு மாறியது. வேலையிழந்த எஞ்சின்களில் நான்கு பிரவுன் கம்பெனிக்கு வந்து, ஆற்றடியில் ஆளை இழுத்த அதே சக்கரங்களால் ஹண்டர் பள்ளத்தாக்கில் கரி இழுத்தன. மெர்சி பாதையின் முதல் எண் கொண்ட, 'தி மேஜர்' என்ற பெயருடைய எஞ்சின் இன்று சிட்னிக்குத் தென்மேற்கே தெர்ல்மியர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இன்னொரு தொகுதி போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ரயில் பிரிவுக்காக, கிரேட் சென்ட்ரல் ரயில்வேயின் 1911 ஆம் ஆண்டு வடிவத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட 2-8-0 சரக்கு எஞ்சின்கள் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் அவை மலிவாக விற்பனைக்கு வந்தன. ஜான் பிரவுன் பதின்மூன்றை வாங்கினார். பிரான்சில் பீரங்கிக் குண்டுகளை இழுப்பதற்காகத் திட்டமிடப்பட்ட அந்த வடிவம் 1970களின் தொடக்கம் வரை ஹெக்ஸம் பாதையில் கரி இழுத்தது. பதின்மூன்றில் மூன்று இன்றும் உள்ளன.

எஞ்சின்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது அந்த மண்ணுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. கிரேட்டா கரி தானாகவே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. 1923 செப்டம்பர் 1 அன்று செஸ்நாக் அருகே பெல்பேர்ட் சுரங்கத்தில் நிலத்தடியில் ஏற்பட்ட தீயிலும் வெடிப்புகளிலும் இருபத்தொரு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மற்றவர்களைக் காப்பாற்ற உள்ளே இறங்கியவர். சுரங்க மீட்பு நிலையங்களைக் கட்டாயமாக்கிய 1925 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சாவுகளுக்குப் பிறகே வந்தது. அடுத்து 1929 மார்ச்சில், கூலிக் குறைப்பை ஏற்க மறுத்த சுமார் பத்தாயிரம் தொழிலாளர்களுக்கு எதிராகச் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். அது பதினைந்து மாதம் நீடித்தது. ஜான் பிரவுன் மீது தொடரப்பட்ட வழக்கை மத்திய அரசு கைவிட்டதால் எழுந்த கோபம், அந்த ஆண்டுத் தேர்தலில் பிரதமர் புரூஸின் அரசு வீழ்ந்ததற்கு ஒரு காரணம். 1929 டிசம்பர் 16 அன்று ராத்பரி சுரங்கத்தை வெளியாட்களைக் கொண்டு திறக்க முயன்றபோது திரண்ட தொழிலாளர்கள் மீது போலீசார் சுட்டார்கள்; நார்மன் பிரவுன் என்ற இளம் தொழிலாளி இறந்தார். முதலாளி ஜான் பிரவுனின் குடும்பப் பெயரும் அவருடைய பெயரும் ஒன்று என்பதைத் தவிர இருவருக்கும் பொதுவாக எதுவும் இல்லை. அந்த வட்டாரத்துக்குப் போகிறவர்கள் எஞ்சினோடு படம் எடுத்துக்கொள்வதற்கு முன் பெல்பேர்ட், ராத்பரி நிகழ்வுகளின் நினைவுச் சின்னங்கள் இரண்டையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

இறுதிக் காலத்துக்கு வருவோம். 1960 இல் பிரவுன் குழுமமும் அதன் பெரிய போட்டியாளரும் இணைந்து கோல் அண்டு அலைடு என்ற ஒரே நிறுவனமாயின. சவுத் மெய்ட்லண்ட் எஞ்சின்களும் ரிச்மண்ட் வேல் பாதையும் பின்னர் இந்த ஒரே கூரையின் கீழ் வந்தன. பீலா மெய்ன் 1962 இலும் ரிச்மண்ட் மெய்ன் 1967 இலும் மூடப்பட்டன. பாதையின் மேற்குப் பகுதிக்கு வேலை இல்லாமல் போனாலும், ஹெக்ஸத்துக்கும் ஸ்டாக்ரிங்டன் சுரங்கத்துக்கும் இடையே கரி தொடர்ந்து ஓடியது. அரசு ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களான, ஒரே கொதிகலனுக்கு இரண்டு சக்கரத் தொகுதிகள் கொண்ட கரட் வகை ராட்சதர்கள் 1973 இல் நிறுத்தப்பட்டபோது, அவற்றின் இறுதி வேலையும் இதே நியூகாசில் வட்டாரத்துக் கரி வண்டிகள்தான். பிரவுனின் போர்க்கால எஞ்சின்கள் தேய்ந்து ஓய்ந்தபோது 10 வகுப்பு எஞ்சின்கள் ஹெக்ஸத்துக்குப் போய் அந்த இடத்தை நிரப்பின. சவுத் மெய்ட்லண்ட் பாதையில் 1983 ஜூன் மாதம் நீராவி நின்றது. மாநில ரயில்வேயின் டீசல் எஞ்சின்கள் அந்தப் பொறுப்பை ஏற்றன. ஹெக்ஸத்தில் மட்டும், வெளிப்பாதையோடு கலக்காத அந்தக் குறுகிய தூரத்தில், பழைய மரப்பெட்டி வேகன்களோடு நீராவி இன்னும் நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1987 செப்டம்பர் 22 அன்று அதுவும் நின்றது. ஆஸ்திரேலியாவில் வணிக நோக்கில் நீராவியால் இயங்கிய கடைசி ரயில் பாதை அது.

அந்த நாள் வருவதற்கு முன்பே காப்பாற்றும் வேலை தொடங்கிவிட்டிருந்தது. 1979 இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கர்ரி கர்ரிக்கு அருகே மூடிக்கிடந்த ரிச்மண்ட் மெய்ன் சுரங்க வளாகத்தில் ரயில் அருங்காட்சியகம் உருவாக்கத் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்கள் தேர்ந்த இடம் சரியான இடம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஞ்சினை ஊர்ப் பூங்காவில் வண்ணம் பூசி நிறுத்துவது எளிது. அந்த எஞ்சின் எதற்காகப் பிறந்தது என்பதை அங்கே நிற்பவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே சுரங்கத்தின் செங்கல் கட்டடங்களும், மின்நிலையமும், வேகன்களும், பீலா மெய்ன் வரை சுமார் நான்கு கிலோமீட்டர் உண்மையான பாதையும் ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கின்றன. மெய்ட்லண்டில் 1986 முதல் ஸ்டீம்ஃபெஸ்ட் என்ற விழாவும் நடந்துவருகிறது. சவுத் மெய்ட்லண்டில் நீராவி நின்றுபோன வெறுமையிலிருந்து பிறந்த விழா அது. அதில் எஞ்சின்களும் சிறு விமானங்களும் பந்தயம் விடுவதைப் பார்க்கக் கூட்டம் திரளும்.

10 வகுப்பின் பதினான்கு எஞ்சின்களில் பெரும்பாலானவை இன்றும் ஏதோ ஒரு கூரையின் கீழோ திறந்த வெளியிலோ இருக்கின்றன. ஒரு தனியார் ரயில்வேயின் ஒரே வகுப்பிலிருந்து இத்தனை மிஞ்சியது மிகவும் அரிது. ஆனால் மிஞ்சியது வேறு, ஓடுவது வேறு. கொதிகலன் என்பது நெருப்பும் அழுத்தமும் சேர்ந்து மெல்ல மெல்லத் தின்னும் பாத்திரம். தண்ணீரிலுள்ள உப்புகள் உள்ளே படியும், புகைக்குழாய்கள் மெலியும், உலைப்பெட்டியைத் தாங்கும் தண்டுகள் முறியும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றி, தகட்டின் தடிமனை அளந்து, அழுத்தம் ஏற்றிச் சோதித்துச் சான்றிதழ் பெற வேண்டும். 3801 என்ற புகழ்பெற்ற அரசு எஞ்சின் 2007 இல் பெரும் பழுதுபார்ப்புக்காக நின்று, மீண்டும் பயணிகளை இழுக்க 2021 ஆகிவிட்டது என்றால், பெரிய நிதி இல்லாத தன்னார்வக் குழுக்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். வடக்கே டோரிகோ என்ற ஊரில் மிகப் பெரிய எஞ்சின் தொகுப்பு ஒன்று பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தும், பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக அது மலரவே இல்லை. வாங்கிச் சேர்ப்பதற்கு வரும் பணமும் ஊக்கமும் பேணுவதற்கு வருவதில்லை.

வேகன்களின் கதி இன்னும் வருத்தம் தருவது. ஆயிரக்கணக்கில் ஓடியவை அவை. எஞ்சின் கழிக்கப்படும்போது கூடிக் கண்ணீர் விட்டவர்கள்கூட வேகன்களை எரித்து இரும்பை மட்டும் பிரித்தெடுத்தபோது கவனிக்கவில்லை. ரிச்மண்ட் மெய்னில் அவற்றின் நல்ல தொகுதி ஒன்று காக்கப்பட்டிருந்தது. 2017 செப்டம்பரில் பரவிய காட்டுத்தீ அந்த மரப்பெட்டிகளில் பலவற்றையும், பாதையின் மரப்பாலங்களையும் அழித்தது. மரத்தாலான ஒரு தொழிலின் சான்று, மரம் எரிந்தால் வெறும் சக்கரங்களாகக் குறைந்துவிடுகிறது. எஞ்சின் நூறு ஆண்டு நின்றாலும் மறுபடி உயிர்ப்பிக்கலாம். கம்பெனி எழுத்து எழுதிய அந்தப் பழைய பலகையை மறுபடி செய்தால் அது புதுப் பலகைதான். பழைய பாதைகளைக் காப்பதில் முதல் பணம் எஞ்சினுக்குப் போகாமல், மழையிலும் வெயிலிலும் தீயிலும் முதலில் அழியக்கூடிய வேகன்களுக்குக் கூரை போடுவதற்குப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எங்கே பார்க்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ரிச்மண்ட் மெய்னுக்கே போகலாம். சிட்னியிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். எஞ்சின் நிற்கும் ஷெட்டுக்குப் போவதற்கு முன், பக்கத்தில் கிடக்கும் ஒரு கரி வேகனின் கைலெவரையும் அடிக்கதவையும் பெட்டி சட்டத்தில் அமர்ந்திருக்கும் விதத்தையும் குனிந்து பார்த்துக்கொள்ளவும். அதன் பிறகு 10 வகுப்பு எஞ்சினின் முன் நின்றால் அதன் ஒவ்வொரு உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானே விளங்கும். இன்னொரு நாள் கிடைத்தால் நியூகாசிலில் கேரிங்டன் ஹைட்ராலிக் கூடத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அதே துறைமுகத்தில் இன்று நீண்ட ரயில்கள் கொண்டுவந்து கொட்டும் கரியைக் கன்வேயர்கள் பெருங்கப்பல்களில் ஏற்றுவதையும் பார்க்கலாம். உலகின் மிகப் பெரிய கரி ஏற்றுமதித் துறைமுகம் என்று சொல்லப்படுவது அதுதான். மூன்றாவது நாளுக்குத் தெர்ல்மியர் இருக்கிறது. கோடையில் போவதானால் புறப்படும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: வெளியில் நெருப்பு மூட்ட முழுத்தடை அறிவிக்கப்படும் வெப்ப நாள்களில் நீராவி எஞ்சினின் உலையைப் பற்றவைக்க முடியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான குளிர்ந்த மாதங்களே நல்ல காலம். காற்று குளிர்ந்திருக்கும்போது புகைபோக்கியிலிருந்து எழும் நீராவியும் வெண்மையாக, நெடுநேரம் கலையாமல் நிற்கும்.